மேட்டூர் முதல் மோகனூர் வரை – 19: மாரியப்பனும் முன்னால் தாண்டியவர்களும்

1976 ஆகஸ்ட். கனடாவின் டொரண்டோ நகரம். மூன்று வயதில் ஒரு காலை இழந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஓடிவந்து 1.86 மீட்டர் உயரத்தைத் தாண்டிப் பாராலிம்பிக் தங்கம் வாங்கினான். பெயர் ஆர்னி போல்ட். நாற்பது ஆண்டு கழித்து ரியோ டி ஜெனிரோவில் அதே 1.86 மீட்டர் தாண்டிய இருவருக்கு வெள்ளியும் வெண்கலமும்தான் கிடைத்தன. தங்கம், 1.89 மீட்டர் தாண்டிய நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலுவுக்கு. அதற்கும் ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் 1.86 மீட்டரோடு நின்று வெள்ளி வாங்கியவரும் இதே மாரியப்பன்தான்.

2025இல் டெல்லியில் நடந்த உலக மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டியில் பீகாரைச் சேர்ந்த இளைஞர் சைலேஷ் குமார் 1.91 மீட்டர் தாண்டி உலகத் தங்கத்தை எடுத்தார். ரியோவின் 1.89ஐவிட இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். அன்று தொடங்கிய பேச்சு ஓமலூர் பேருந்து நிலையத்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இனி மாரியப்பனைவிட சைலேஷ்தான் பெரியவரா? 2016இல் இதே கேள்வி வேறு ஆட்களை வைத்துக் கேட்கப்பட்டது. அன்று புதிதாக எழுந்து வந்தவர் மாரியப்பன். எதிரே நின்ற முன்னவர்கள் முரளிகாந்த் பெட்கர், தேவேந்திர ஜஜாரியா, கிரிஷா. சென்ற வாரம் சின்னப்பம்பட்டி நடராஜனின் பந்துவீச்சைப் பார்த்த நாம், இந்த வாரம் அங்கிருந்து வடக்கே போய், இந்தக் கேள்விக்குள் இறங்கிப் பார்ப்போம்.

ஓமலூரிலிருந்து தருமபுரி போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் தீவட்டிப்பட்டிப் பக்கம் இருக்கிற ஊர் பெரியவடகம்பட்டி. கிழக்கே சேர்வராயன் மலை நீலமாக நிற்கும். மழை பெய்தால் நிலக்கடலையும் சோளமும், கிணற்றில் தண்ணீர் இருந்தால் மரவள்ளிக் கிழங்கு. நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறையும் கோழிப் பண்ணையும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியும் தந்த காசு இந்த வடக்குக் கோடிக்கு அவ்வளவாக எட்டவில்லை. இங்கே கூலி வேலைதான் பிழைப்பு. மாரியப்பன் 1995 ஜூன் 28இல் பிறந்தார். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது ஒரு பேருந்து மோதி, வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போயிற்று. கால் எடுக்கப்படவில்லை, ஆனால் அந்தப் பாதம் பிறகு வளரவில்லை. ஆள் வளர்ந்தார், அந்தக் கால் மட்டும் ஐந்து வயதுப் பிள்ளையின் காலாகவே நின்றுவிட்டது. அம்மா சரோஜா செங்கல் சுமந்தார், பிறகு காய்கறி விற்றார். வைத்தியச் செலவுக்கு வாங்கிய 3 லட்சம் ரூபாய்க் கடன் பல ஆண்டு அந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

பள்ளியில் அவர் முதலில் ஆடியது வாலிபால். சேலம், நாமக்கல் கிராமங்களில் இரண்டு கம்பு நட்டு வலை கட்டினால் வாலிபால் களம் தயார் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் தொடங்குவார்கள். அவர் எம்பி அடிக்கிற உயரத்தைக் கவனித்த உடற்கல்வி ஆசிரியர், உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டார். பதினான்கு வயதில் ஊனமில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார்.

நம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் உயரம் தாண்டிப் பார்த்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். இரண்டு மூங்கில் கம்பங்களில் அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்திருப்பார்கள். அந்த ஆணிகளின் மேல் ஒரு குச்சியோ கயிறோ கிடக்கும். அந்தப் பக்கம் மண்வெட்டியால் கொத்திவிட்ட மணல் குழி. முதுகைக் கீழே காட்டிப் பின்புறமாக விழும் பாணி உலகத்தில் 1968க்குப் பிறகு பரவியது. அதற்கு முழங்கால் உயரத்துக்குக் குறையாத மெத்தை வேண்டும். மணல் குழியில் முதுகால் விழுந்தால் கழுத்து போய்விடும் என்று வாத்தியார் விடமாட்டார். அதனால் கிராமத்துப் பிள்ளைகள் கத்திரிபோலக் காலை மாற்றித் தாண்டி நின்றபடி இறங்குவார்கள். அப்படித் தாண்டுகிறபோது ஐந்தடிக்கு மேல் போவதே பெரிய காரியம். மாரியப்பனின் 1.89 மீட்டர் என்பது ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேலே. அரசு பள்ளி மைதானத்திலிருந்து அந்த உயரத்துக்குப் போக அவருக்கு முதல் தேவை மெத்தையும் ஒரு பயிற்சியாளரும்.

2013இல் பெங்களூருவில் நடந்த தேசிய மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைப் பார்த்தார். முறையான பயிற்சி 2015இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் காலையில் செய்தித்தாள் போட்டார், பகலில் கட்டட வேலைக்குப் போனார். நாளுக்கு 200 ரூபாய் அளவில் கூலி. சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் பி.பி.ஏ. படித்ததும் இந்த ஆண்டுகளில்தான். 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார். ஆறே மாதம். செப்டம்பர் 9 அன்று ரியோவில் 1.89. அமெரிக்காவின் சாம் கிரூவும் நம் நாட்டின் வருண் சிங் பாட்டியும் 1.86இல் நின்றார்கள். பாராலிம்பிக்கில் இந்தியா வாங்கிய மூன்றாவது தங்கம் அது. உயரம் தாண்டுதலில் முதல் தங்கம்.

அதே சத்தியநாராயணாவின் இன்னொரு மாணவர்தான் ஒப்பீட்டில் முதலில் வருகிறவர். கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக்காரரான கிரிஷா, 2012 லண்டனில் இதே பிரிவில் 1.74 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். அந்தப் பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம். அன்று மேடையில் நின்ற மூவருமே 1.74தான் தாண்டியிருந்தார்கள். உயரம் சமமானால் தவறிய முயற்சிகளை எண்ணுவார்கள். குறைவாகத் தவறியவர் மேலே. அந்தக் கணக்கில் தங்கம் ஃபிஜித் தீவின் இலியேசா டெலானாவுக்குப் போயிற்று. மூன்று வயதில் பேருந்து விபத்தில் காலை இழந்தவர் அவர். ஃபிஜி வாங்கிய முதல் பாராலிம்பிக் பதக்கம் அது. பேருந்துச் சக்கரத்தில் கால் போன இரண்டு பிள்ளைகள், ஒருவர் பசிபிக் தீவில், ஒருவர் ஓமலூர் வட்டாரத்தில், அடுத்தடுத்த பாராலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தின் தங்கத்தை எடுத்திருக்கிறார்கள்.

லண்டனில் தங்கம் பெற்றுத் தந்த உயரம் 1.74. ரியோவில் சரத் குமார் என்ற இந்திய வீரர் 1.77 தாண்டியும் ஆறாவது இடம்தான் பிடித்தார். நான்கே ஆண்டில் ஓர் ஆட்டத்தின் தரம் இவ்வளவு ஏறியிருக்கிறது. மாரியப்பன் கிரிஷாவைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டினார் என்று மட்டும் சொன்னால் அது கிரிஷாவுக்குச் செய்யும் அநியாயம். கிரிஷாவின் வெள்ளி வந்த பிறகுதான் இந்திய அதிகாரிகளின் கண்ணுக்கு இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே தெரிந்தது. சத்தியநாராயணா அடுத்த பிள்ளையைத் தேடிப்போனபோது அவர் கையில் காட்டுவதற்கு ஒரு பதக்கம் இருந்தது. என் கணக்கில் அந்தப் பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு பங்கு கிரிஷாவுக்கும் உண்டு.

ஆர்னி போல்ட்டிடம் திரும்புவோம். இந்த ஆட்டத்தின் உண்மையான மலை அவர்தான். 1976இல் 1.86. 1980இல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் 1.96. 1981இல் 2.04. ஒற்றைக் காலோடு இரண்டு மீட்டருக்கு மேல்! 1976 முதல் 1992 வரை ஐந்து பாராலிம்பிக்குகளில் உயரம் தாண்டுதலும் நீளம் தாண்டுதலுமாக ஏழு தங்கம், ஒரு வெள்ளி. 2024 பாரிஸில் அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃபிரெச் 1.94 தாண்டியபோது அதைப் பாராலிம்பிக் சாதனை என்று அறிவித்தார்கள். ஆர்ன்ஹெமில் போல்ட் தாண்டியது அதைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம் என்று பலருக்கும் தோன்றும். இரண்டும் உண்மைதான். போல்ட் காலத்தில் கால் இழந்தவர்களுக்கென்று தனிப் பிரிவுகள் இருந்தன. பிறகு எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்து எண்கள் கொடுத்தார்கள். ரியோவில் மாரியப்பன் தாண்டிய பிரிவின் பெயர் டி-42. செயற்கைக் காலோடு வருகிறவர்களும், மாரியப்பனைப்போலச் சொந்தக் காலே பழுதுபட்டவர்களும் அதில் ஒன்றாக இருந்தார்கள். 2018இல் செயற்கைக் கால் அணிபவர்களுக்கு டி-63 என்று தனி எண் வந்தது. ஆனால் ஆட்டத்தில் இரண்டு பிரிவினரும் ஒரே கம்பியைத்தான் தாண்டுகிறார்கள். ஆகவே மாரியப்பன் தன் பிரிவில் டி-42காரர்; டோக்கியோவிலும் பாரிஸிலும் அவர் ஆடிய ஆட்டத்தின் பெயர் டி-63. பிரிவு மாறும்போது பழைய சாதனைகள் பழைய ஏட்டிலேயே தங்கிவிடும்.

ஒரே களத்தில் ஒரு பக்கம் இலைவடிவக் கரிம இழைக் காலோடு ஓடிவருகிற ஃபிரெச், ஒரு பக்கம் புற்றுநோயால் காலை இழந்த சாம் கிரூ, இன்னொரு பக்கம் போலியோவில் கால் சூம்பிய சரத் குமார், நடுவில் ஐந்து வயதுப் பாதத்தோடு மாரியப்பன். ஒவ்வொருவரின் குறையும் ஒரு தினுசு. எம்புகிற கால், ஓடிவருகிற தாளம் எல்லாம் வேறு. போல்ட்டுக்கு ஓட ஒரு கால்தான். முழு ஓட்டமும் தத்தல். ஆகவே போல்ட்டின் 2.04ஐயும் மாரியப்பனின் 1.89ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தால் 15 சென்டிமீட்டர் வரும். அந்த 15க்கு என்ன பொருள் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம்: உயரம் மட்டும்தான் அளவு என்றால் போல்ட்டுக்குப் பக்கத்தில் இன்றுவரை யாரும் இல்லை.

போல்ட் டொரண்டோவில் தாண்டிய 1976இலும், ஆர்ன்ஹெமில் தாண்டிய 1980இலும் பாராலிம்பிக்கில் இந்தியாவே இல்லை. 1984இல் ஜோகிந்தர் சிங் பேடி மூன்று பதக்கமும், பீம்ராவ் கேசர்கர் ஒரு பதக்கமும் வாங்கினார்கள். 1988இலிருந்து 2000 வரை ஒன்றுகூட இல்லை. ரியோவுக்கு முன்னால் இந்தியா வாங்கிய மொத்தப் பாராலிம்பிக் பதக்கங்கள் எட்டு. இந்த எட்டில் முதலாவது முரளிகாந்த் பெட்கருடையது.

பெட்கர் மகாராஷ்டிரத்துக்காரர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தன. நீச்சலுக்கு மாறி, 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 விநாடியில் தங்கம் வாங்கினார். இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கிலோ பாராலிம்பிக்கிலோ தனியாளாக வாங்கிய முதல் தங்கம் அதுதான். அவருக்குப் பத்மஸ்ரீ எப்போது கிடைத்தது தெரியுமா? 2018இல். 46 ஆண்டு கழித்து. மாரியப்பனுக்குப் பத்மஸ்ரீ 2017இல், தங்கம் வாங்கிய நான்கே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. முன்னவருக்கு முன்னால் பின்னவருக்கு மாலை விழுந்துவிட்டது. இதில் மாரியப்பனின் பிழை எதுவும் இல்லை. ஜெயலலிதா அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் அறிவித்தது, ஒரே இரவில் நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது, இவையெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு நியாயமாகச் சேர வேண்டியவையே. ஆனால் பெட்கரையும் மாரியப்பனையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள், பதக்கத்தோடு ஊர் திரும்பியபோது இருவருக்கும் கிடைத்த வரவேற்பையும் ஒப்பிட வேண்டும். 1972இல் ஊனமுற்றவர் விளையாட்டு என்பது செய்தித்தாளில் ஒரு மூலைச் செய்தி. 2016இல் கைப்பேசியில் கம்பிக்கு மேலே பறக்கும் உடலை ஊரே பார்த்தது.

அடுத்தவர் ஜஜாரியா. ராஜஸ்தானின் சுரு மாவட்டத்தில் எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பியில் பட்டு இடது கையை இழந்தவர். 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிதலில் 62.15 மீட்டர், உலகச் சாதனையோடு தங்கம். ரியோவில் மாரியப்பன் தங்கம் வாங்கிய சில நாளில் 63.97 மீட்டர், மறுபடியும் உலகச் சாதனை, மறுபடியும் தங்கம். டோக்கியோவில் 64.35 மீட்டர் எறிந்தார். இந்தமுறை இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 எறிந்துவிட்டதால் வெள்ளி. முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக எறிந்திருக்கிறார்.

2004க்கும் 2016க்கும் நடுவில் பன்னிரண்டு ஆண்டு. அந்த இடைவெளியில் அவர் ஓய்வெடுக்கவில்லை, காயமும் காரணமில்லை. அவருடைய எஃப்-46 பிரிவு ஈட்டி எறிதலைப் பெய்ஜிங்கிலும் லண்டனிலும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. உடல் உச்சத்தில் இருந்த இரண்டு பாராலிம்பிக்கில் அவர் எறிய ஆட்டமே இல்லை.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ராட் லேவர் நினைவு வரும். ஆஸ்திரேலியாவின் லேவர் 1962இல் ஓர் ஆண்டின் நான்கு பெரிய கோப்பைகளையும் வென்றார். உடனே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அன்றைய விதிப்படி காசுக்கு ஆடுகிறவருக்கு விம்பிள்டனில் இடம் கிடையாது. 1963 முதல் 1967 வரை ஐந்து முழு ஆண்டு, உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அந்த நான்கு போட்டிகளுக்கும் வெளியே நின்றார். 1968இல் கதவு திறந்தது. 1969இல் மறுபடியும் நான்கையும் வென்றார். அவர் கணக்கில் இருப்பது 11 கோப்பைகள். ஃபெடரருக்கு 20, நடாலுக்கு 22, ஜோகோவிச்சுக்கு 24. 2022இல் பத்தொன்பது வயதில் அமெரிக்க ஓபனை வென்று, ஆண்கள் தரவரிசையில் மிக இளைய வயதில் முதலிடத்துக்கு வந்த கார்லோஸ் அல்கராஸை இந்த எண்களோடு வைத்துத்தான் உலகம் அன்றிலிருந்து அளந்துகொண்டிருக்கிறது. லேவரின் 11ஐ அந்த வரிசையில் அப்படியே வைத்துப் படிக்கிறவர் அந்த ஐந்து ஆண்டையும் மறந்துவிடுகிறார். அன்றைக்கு நான்கில் மூன்று போட்டிகள் புல்தரையில் நடந்தன, மட்டைகள் மரத்தால் ஆனவை என்பதும் அந்த எண்ணுக்குள் தெரியாது.

நம்மிடம் அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர், ஆசியாவில் முதல் ஆள். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1960இல் அவரைத் தோற்கடித்த நீல் ஃபிரேசர் கோப்பையை வென்றார். 1961இல் தோற்கடித்தவர் லேவர். அவரும் கோப்பையை வென்றார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்றபோது அப்பாவோடு ஒப்பிடும் பேச்சு தொடங்கியது. மகன் ஆடிய காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லாரும் விம்பிள்டனுக்குள் வந்துவிட்டார்கள். அப்பாவும் மகனும் ஒரே புல்லில் ஆடினாலும் ஒரே கூட்டத்தோடு ஆடவில்லை.

ஜஜாரியா இழந்தது லேவர் இழந்ததைவிடக் கொடியது என்று நான் நினைக்கிறேன். லேவருக்கு வேறு மைதானங்களில் ஆட்டமும் காசும் இருந்தன. ஜஜாரியாவுக்கு நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஒரே வாய்ப்பு, அதுவும் இரண்டு முறை போயிற்று. ஆகவே இரண்டு தங்கம் ஒரு வெள்ளி என்ற அவர் கணக்கை மாரியப்பனின் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலத்தோடு வைத்தால், ஆளுமையில் ஜஜாரியாதான் ஒரு படி மேலே. சேலத்துக்காரனாகப் பிறந்தும் இதை எழுத எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் ஜஜாரியாவுக்குக் கிடைக்காத ஒன்று மாரியப்பனிடம் இருக்கிறது. ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நிறம் இறங்கி வருவதைப் பார்த்து, அவர் சறுக்கிக்கொண்டே போனார் என்று சொல்வாரும் உண்டு. நடந்ததைப் பார்க்காமல் பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்க்கிற பேச்சு அது. ரியோவுக்குப் பிறகு கணுக்கால் காயம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 1.67 மீட்டரோடு வெண்கலம்தான். அதே நாளில் சரத் குமார் 1.90 தாண்டினார். 22 சென்டிமீட்டர் குறைந்துபோன ஒரு தாண்டுதல் வீரர், பத்மஸ்ரீயும் காசும் வந்தாயிற்று என்று நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிற்கவில்லை. 2019 துபாய் உலகப் போட்டியில் 1.80, வெண்கலம். 2020இல் கேல் ரத்னா விருது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ.

டோக்கியோவில் முதலில் பறிபோனது கொடி. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்த அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விமானத்தில் கொரோனா தொற்றுள்ள ஒருவருக்கு அருகில் இருந்ததாகத் தெரியவந்து தனிமைப்படுத்தினார்கள். அவருக்குப் பதிலாகக் கொடியை டேக் சந்த் என்ற வீரர் ஏந்தினார். ஆகஸ்ட் 31 அன்று இறுதிப் போட்டி. மழை. வலது காலில் அவர் போட்டிருந்த காலுறை நனைந்து ஊறிவிட்டது. எம்புவது இடது கால்தானே என்று தோன்றலாம். ஆனால் ஓடிவரும்போது தரையில் பட்டுத் தாளத்தைக் கொடுப்பது அந்தச் சின்னப் பாதம். அது வழுக்கினால் கடைசி அடி எங்கே விழும் என்று தெரியாது. அந்தக் கடைசி அடியில்தான் எம்புதல் முழுக்க இருக்கிறது. நனைந்த காலுறையால் எம்பச் சிரமமாக இருந்தது என்று போட்டி முடிந்ததும் அவரே சொன்னார். 1.86 வரை தாண்டினார். 1.88இல் மூன்று முயற்சியும் தவறின. சாம் கிரூ தன் கடைசி முயற்சியில் 1.88ஐத் தாண்டிவிட்டார். கம்பி நான்கு மீட்டர் நீளம். இரண்டு முனையிலும் சின்னத் தாங்கியின் மேல் வெறுமனே வைத்திருப்பது, முதுகு உரசினாலும் விழுந்துவிடும். ஒரு தங்கத்துக்கும் ஒரு வெள்ளிக்கும் நடுவில் இருந்தது இரண்டு சென்டிமீட்டர்.

அந்த வெள்ளிக்குப் பிறகு தமிழக அரசு அவருக்குக் காகித ஆலையில் துணை மேலாளர் வேலை கொடுத்தது. காவிரிக்கு அக்கரையில், நாமக்கல் மாவட்டத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற கரூர் காகிதபுரம் ஆலை அந்த நிறுவனத்தினுடையது. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டி. அங்கே சைலேஷ் குமார் அவரை முந்தினார்: 1.82 தங்கம், மாரியப்பன் 1.80 வெள்ளி. ஊரில் அன்றே அவர் கதை முடிந்தது என்று பேசினார்கள். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டி, மாரியப்பன் 1.88, போட்டிச் சாதனையோடு முதல் உலகத் தங்கம். 28 வயதில், ரியோவுக்கு எட்டு ஆண்டு கழித்து. அவருடைய ரியோவைவிட எனக்கு இந்தக் கோபே பெரிதாகத் தெரிகிறது. ரியோவில் அவரை எவருக்கும் தெரியாது, இழக்க எதுவும் இல்லை. கோபேக்கு அவர் போனது 1.67 வரை கீழிறங்கிப் பார்த்த உடம்போடு.

அதே ஆண்டு பாரிஸில் ஃபிரெச் 1.94, சரத் குமார் 1.88, மாரியப்பன் 1.85. நான்காவதாக வந்த சைலேஷ் குமாரும் தாண்டியது அதே 1.85. லண்டனில் கிரிஷாவின் தங்கத்தை எடுத்துக்கொண்ட அதே தவறிய முயற்சிக் கணக்கு, பாரிஸில் மாரியப்பனுக்கு வெண்கலத்தைக் கொடுத்தது. ஒரே ஆட்டத்தில் மூன்று இந்தியர்கள் முதல் நான்கு இடங்களுக்குள்! 2012இல் நாடு முழுவதற்கும் ஒரே பதக்கம் வாங்கிவந்த ஆட்டம் இது. ரியோவில் இந்தியாவுக்கு மொத்தம் 4 பதக்கம், டோக்கியோவில் 19, பாரிஸில் 29. இந்த ஏற்றத்தைப் பற்றிப் பேசும்போது அவனி லெக்காராவையும் சுமித் அந்திலையும் சொல்வார்கள். இருவருமே அடுத்தடுத்த இரண்டு பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள், சொல்ல வேண்டியதுதான். அந்த வரிசையின் தலையில் ரியோவின் நால்வரும் நிற்கிறார்கள்: மாரியப்பன், ஜஜாரியா, குண்டெறிதலில் வெள்ளி வாங்கிய தீபா மாலிக், வருண் பாட்டி.

இனி சைலேஷின் 1.91. டெல்லியில் அவருக்குப் பின்னால் வந்தவர் யார் என்று பார்த்தால்தான் அதன் எடை தெரியும்: பாரிஸ் தங்கம் வாங்கிய ஃபிரெச், 1.85. அதாவது பாராலிம்பிக் சாம்பியனை ஆறு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தோற்கடித்திருக்கிறார். ஐயத்துக்கிடமின்றிப் பெரிய தாண்டல். மாரியப்பன் ரியோவில் தாண்டியபோது அவரைத் துரத்தியவர்கள் 1.86இல் இருந்தார்கள், மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். ஓர் இரவின் தாண்டலை மட்டும் வைத்துப் பார்த்தால் சைலேஷ் முன்னால் நிற்கிறார் என்றே நான் சொல்வேன். ஆனால் அவரிடம் இன்னும் பாராலிம்பிக் பதக்கம் இல்லை. மாரியப்பனுக்குக் கிடைக்காத ஒன்றும் சைலேஷுக்குக் கிடைத்திருக்கிறது: தன் பிரிவில் தன்னைவிட உயரமாகத் தாண்டும் இரண்டு மூத்தவர்கள் சொந்த நாட்டிலேயே பக்கத்தில் நின்று தாண்டுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மாரியப்பன் பெரியவடகம்பட்டியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அப்படிப் பார்த்துக் கற்றுக்கொள்ள இந்தியாவில் பதக்கம் வாங்கிய ஒருவரும் இந்த ஆட்டத்தில் இல்லை.

அடுத்த பாராலிம்பிக் 2028 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில். அப்போது மாரியப்பனுக்கு வயது 33 நிறைந்திருக்கும். தாண்டுகிறவர்களுக்கு அது கூடுதல் வயது என்பார்கள். 1992இல் பார்சிலோனாவில் ஆர்னி போல்ட் தாண்டியபோது அவருக்கு வயது 35ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

(தொடரும்)